வெடிமருந்தும் வேலையாளும்: சப்பிரகமுவத் தோட்டப் பகுதிகளை முன்வைத்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலையகத் தோட்டங்களின் கோயில் திருவிழாக்கள் பற்றி நம்மவர் பலர் எழுதியுள்ளனர். தேர்ப்பவனி, கரகம், காமன் கூத்து, தப்பிசை என்பன ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றுள்ளன. வாணவேடிக்கையும் அவ்விழாக்களின் ஓர் உறுப்பேயாகும். எனினும் வானில் எழுந்த வாணத்தை வருணித்தோர், அதனைக் கீழே நின்று கொளுத்தியவரைப் பற்றி ஆராய்ந்தாரல்லர். வாணம் விடுதல் ஒரு வேலை. வேலையாதலின் அதற்குக் கூலி உண்டு, கருவி உண்டு, பயிற்சி உண்டு, ஆபத்தும் உண்டு. அந்த ஆபத்தினாற் கையிழந்தவரையும் கண்ணிழந்தவரையும் சட்டம் எவ்வாறு நோக்கி வந்துள்ளது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவுக்குக் களமாகச் சப்பிரகமுவ மாகாணத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1889இல் மேல் மாகாணத்தினின்றும் பிரிக்கப்பட்டு உருவான இம்மாகாணம் கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. யட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, தெரணியகலை முதலிய கேகாலைப் பகுதிகளிலும், பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை முதலிய இரத்தினபுரிப் பகுதிகளிலும் இறப்பரும் தேயிலையும் பயிராகும் தோட்டங்கள் பரந்துள்ளன. பாறை பிளத்தல், சுரங்கந் தோண்டுதல், கோயில் விழா என்னும் மூவகைத் தேவைக்கும் வெடிமருந்து இம்மண்ணிற் பயன்பட்டு வந்துள்ளது. மூவிடத்தும் மருந்து ஒன்றே. அதனைக் கையாண்டவருக்குக் கிடைத்த பாதுகாப்போ ஒன்றன்று.

வாணத்தின் வரலாறு

வாணம் என்னும் சொல் அம்பைக் குறிக்கும் பாணம் என்பதன் வழிவந்தது. படைக்கலத்தின் பெயரே வேடிக்கையின் பெயராயிற்று. பொருளும் அவ்வாறே போர்க்களத்துக்கும் விழாக்களத்துக்கும் பொதுவாய் நின்றது. 1780இல் காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள பொள்ளிலூரில் மைசூர்ப் படையினர் ஆங்கிலேயர் மீது ஏவிய வாணங்கள் வரலாற்றிற் பெயர்பெற்றவை.

இந்தியாவில் வாணவேடிக்கை வளர்ந்த வரலாற்றை 1400 முதல் 1900 வரையான காலப்பகுதிக்கு பி. கே. கோடே என்னும் அறிஞர் தொகுத்து ஆராய்ந்துள்ளார். பாரசீகத் தூதுவராக விசயநகரம் வந்த அப்துர் ரசாக், 1443இல் இரண்டாம் தேவராயனின் அவையிலே தாம் கண்ட மகாநவமி விழாவைக் குறிப்பிடுமிடத்து வாணவேடிக்கையையும் குறிப்பிடுகின்றார். ஒறிசாவை 1497 முதல் ஆண்ட பிரதாபருத்திரதேவனுக்கு உரியதாகக் கூறப்படும் வடமொழி நூலொன்று வாணங்களுக்கான மருந்துக் கலவைகளைச் சொல்கின்றது. அரசவையில் தோன்றிய இக்கலை நாளடைவிற் கோயில்களையும் ஊர்களையும் அடைந்தது. அதிர்வேட்டு, சீறுவாணம், புஸ்வாணம், மத்தாப்பு, சரவெடி எனத் தமிழ் மக்களிடையே வழங்கும் பெயர்களின் மிகுதியே அது எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குச் சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள், தம் ஊர்த் தெய்வங்களோடு அத்தெய்வங்களுக்குரிய விழா மரபுகளையும் கொணர்ந்தனர். மாரியம்மனுக்கு எழுப்பிய கோயிலின் முன்றிலில் வேட்டுச் சத்தமும் கேட்டது. விழா நாள், வேலையின் ஓட்டம் நின்று, தொழிலாளர் தம்மை ஓர் ஊராக உணர்ந்த நாள். ஆகவே வாணத்தை வீண் ஆரவாரம் என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. அதன் பண்பாட்டுப் பெறுமதியை ஏற்றுக்கொண்ட பின்னரே, அதற்கு யார் என்ன விலை கொடுத்தனர் என்று கேட்டல் நேர்மையாகும்.

பாறையும் சுரங்கமும்

சப்பிரகமுவத்தில் வெடிமருந்தைப் பெருமளவிற் கையாண்ட முதற் பெருவேலைகளுள் ஒன்று கண்டிப் புகையிரதப் பாதையாகும். கேகாலை மாவட்டத்து இரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் பகுதி, அலகல்லை மலைச்சரிவைக் குடைந்தும் வெட்டியும் அமைக்கப்பட்டது. ஒப்பந்தகாரரான டபிள்யூ. எப். பேவியெல் 1863இல் வேலையைத் தொடங்கினார். 1867இற் புகையிரதம் கண்டியை அடைந்தது. அல்பிரெட் நோபெல் டைனமைற்றுக்கு உரிமம் பெற்றதும் அதே 1867ஆம் ஆண்டிலேயே. எனவே அப்பாதைப் பாறைகள் கரிமருந்தினாலேயே பிளக்கப்பட்டன என்பது பெறப்படும். பாறையில் துளையிட்டு, மருந்தை இடித்து நிரப்பி, திரி வைத்துக் கொளுத்தி ஓடுதல் அக்காலத்து முறை. இடிக்கும்போது எழும் ஒரு தீப்பொறியோ, எதிர்பார்த்ததினும் விரைந்தெரியும் ஒரு திரியோ போதும், வேலையாளின் உயிர் போவதற்கு.

இவ்விடத்து ஓர் உண்மையைக் குறித்தல் தகும். கோர்ண்வால் சுரங்கங்களில் நேர்ந்த விபத்துக்களைக் கண்ட வில்லியம் பிக்போர்ட், ஒரே சீரான வேகத்தில் எரியும் பாதுகாப்புத் திரியை 1831இலேயே கண்டுபிடித்திருந்தார். ஒரு முழத் திரி எவ்வளவு நேரம் எரியும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளும் வசதி அதனால் ஏற்பட்டது. வெடிமருந்துத் தொழிலில் மருந்தின் வலிமையைக் கூட்டும் பொருட்டன்றி, மருந்தைத் தொடும் மனிதனைக் காக்கும் பொருட்டுத் தோன்றிய கண்டுபிடிப்பு அது. ஆயினும் விழாக்களில் வெறுந் திரியும் கைநெருப்பும் நெடுங்காலம் நீடித்தன. அறிவு தோன்றும் காலம் வேறு, அது கடைக்கோடி வேலையாளைச் சென்றடையும் காலம் வேறு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

புகையிரதத்தைத் தொடர்ந்து களனிப் பள்ளத்தாக்குச் சிறுபாதை 1902இல் அவிசாவளையையும் 1912இல் இரத்தினபுரியையும் அடைந்தது. இப்பாதை திறந்த காலமும் இறப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலமும் ஒன்றே. மற்றொருபுறம் கேகாலை மாவட்டத்துப் போகலை, பென்சிற்கரிச் சுரங்கத்தாற் பெயர்பெற்றது. முதலாம் உலகப் போரின்போது இலங்கைப் பென்சிற்கரிக்குக் கிராக்கி உச்சத்தை எட்டியது. 1916இல் 33,000 தொன்னுக்கு மேல் ஏற்றுமதியாயிற்று. சுரங்கத்தில் உழைத்தோருட் பெரும்பான்மையோர் சிங்களக் கிராமத்தவர்; தோட்டத்தில் உழைத்தோர் தமிழர். இன்னலை அனுபவித்தவர் இரு சாராருமே என்பதை மறத்தலாகாது.

சட்டத்தின் இரு பாதைகள்

வெடிமருந்து தொடர்பாகவும் வேலையாள் தொடர்பாகவும் எழுந்த சட்டங்களை ஒருங்கு வைத்து நோக்கின், அவை இரு வேறு பாதைகளிற் சென்றமை புலனாகும்.

முதலாவது பாதை, மருந்தைக் காக்கும் பாதை. பிரித்தானியாவில் 1875இலும் இந்தியாவில் 1884இலும் வெடிபொருட் சட்டங்கள் இயற்றப்பட்டன. இலங்கையில் இன்று நடைமுறையிலுள்ளது 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம். செய்தல், இறக்குமதி செய்தல், வைத்திருத்தல், கொண்டுசெல்லல், விற்றல் ஆகியவற்றுக்கெல்லாம் உத்தரவுப் பத்திரம் வேண்டுமென்பது இத்தகைய சட்டங்களின் சாரம். மருந்து யார் கையில் இருக்கின்றது என்பதே இங்கு அரசின் முதற் கவலை. இலங்கையில் வெடிபொருட் கட்டுப்பாட்டாளர் பாதுகாப்பு அமைச்சின்கீழ் இயங்குவது இதனை நன்கு விளக்கும். அம்பின் பெயர் வேடிக்கைக்கு வந்தபோதும், அரசின் கண்ணுக்கு அது இன்றும் அம்பாகவே தோன்றுகின்றது.

இரண்டாவது பாதை, வேலையாளைக் காக்கும் பாதை. பிரித்தானியா 1897இல் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தை இயற்றியது. அதற்கு முன்னர், காயமுற்றவர் முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றில் நிறுவினாலன்றி ஒரு காசும் பெறுதல் அரிது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் காயம் நேர்ந்ததாயின், யார் பிழை என்று கேளாமலே நட்டஈடு வழங்கவேண்டும் என்ற புதிய கொள்கை அச்சட்டத்தால் நிலைபெற்றது. இந்தியா அதனை 1923இல் ஏற்றது. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அப்போது டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ்த் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் அட்டன் தொகுதி உறுப்பினரான பெரி. சுந்தரம் அவர்கள். மலையகத் தமிழரின் பிரதிநிதி ஒருவர் அமைச்சராயிருந்த காலத்தில் இச்சட்டம் தோன்றியமை நினைவிற்கொள்ளத்தக்கது.

அதற்கு முந்திய தோட்டச் சட்டங்கள் மருத்துவம், கூலி ஆகிய இரண்டையும் பற்றியே பெரிதும் பேசின. 1872இல் தொடங்கிய மருத்துவத் தேவைச் சட்டங்கள் நோயுற்ற தொழிலாளியை மீண்டும் வேலைக்குத் தகுதியாக்குவதை நோக்கின. 1927ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழிசெய்தது. உறுப்பிழந்து, இனி முன்போல் உழைக்க இயலாது என்னும் நிலையை அடைந்தவரின் உரிமையைப் பேசியது 1934ஆம் ஆண்டின் சட்டமேயாகும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் விபத்தின் பின் ஈடு கொடுத்தலோடு அமையாது, இயந்திரங்களுக்கு வேலியிடுதல் முதலிய முற்காப்பையும் கட்டாயமாக்கியது. தேயிலைத் தொழிற்சாலையின் உருட்டுப் பொறிகளும் சுழல் பட்டிகளும் இதனால் ஓரளவு கட்டுக்குள் வந்தன.

'தொழிலின் பொருட்டு' என்னும் சொற்றொடர்

இவ்விரு பாதைகளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. வாணக்காரர் நிற்பது அவ்விடைவெளியிலேயே.

1934ஆம் ஆண்டுச் சட்டம் வேலையாள் என்பவரை, முதலாளி ஒருவரோடு அம்முதலாளியின் தொழில் அல்லது வணிகத்தின் பொருட்டு ஒப்பந்தம் செய்து உழைப்பவர் என வரையறுக்கின்றது. அவ்வொப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டியதில்லை, வாய்ச்சொல்லும் போதும். இஃது ஏழைத் தொழிலாளிக்குப் பேருதவி. ஆனால் 'தொழில் அல்லது வணிகத்தின் பொருட்டு' என்னும் நிபந்தனை வாணக்காரருக்கு வாயிலை அடைத்துவிடுகின்றது. கோயிற் கமிட்டி ஒரு வணிக நிறுவனமன்று. திருவிழா அதன் தொழிலுமன்று. 1923ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் இதனை இன்னும் வெளிப்படையாகக் கூறிற்று. தற்காலிகமாகவும் முதலாளியின் தொழிலுக்குப் புறம்பாகவும் அமர்த்தப்பட்டவரை அது விலக்கி வைத்தது. வெடிபொருள் செய்வோரையும் கையாள்வோரையும் அதன் இரண்டாம் அட்டவணை பெயர் சுட்டிச் சேர்த்துக்கொண்டபோதும், அங்கும் முதலாளியின் தொழில் தொடர்பாக என்னும் சொற்களைச் சேர்க்கத் தவறவில்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றிற் காவலாளியாகப் பணியாற்றும் ஒருவரைக் கருதுவோம். பன்றிகள் தேயிலை நாற்றுக்களைக் கிளறாதவாறு வெடி கொளுத்தி வெருட்டுமாறு தோட்ட நிருவாகம் அவரைப் பணிக்கின்றது. ஓர் இரவு வெடி கையிலேயே வெடித்து விரல்கள் சிதைகின்றன. அவர் சட்டத்தின்படி வேலையாள், நட்டஈட்டுக்கு உரியவர். அதே மனிதர், அதே மாதத்தில், அதே தோட்டத்துக் கோயில் முன்றிலில், கமிட்டியார் கேட்டுக்கொண்டபடி அதிர்வேட்டுப் போடுகையில் அதே விரல்களை இழக்கின்றார் என்க. சட்டச் சொற்களை எழுத்துப்படி கொள்வோமாயின், அவர் வேலையாளல்லர். தொண்டு செய்த பக்தர். மருந்து ஒன்று, கை ஒன்று, காயம் ஒன்று. மாறியது, யாருக்காக அது கொளுத்தப்பட்டது என்பது மட்டுமே.

இங்கு மற்றொரு சிக்கலையும் நோக்குதல் வேண்டும். பல தோட்டங்களில் கோயிற் சந்தா தொழிலாளரின் கூலியிலிருந்து செக்ரோல் வழியாகக் கழிக்கப்பட்டு வந்தது. பணத்தைத் திரட்டுவது தோட்ட அலுவலகம். அதனைத் தருவது தொழிலாளர் கூலி. விழாவை நடத்துவது கமிட்டி. விழாவுக்கு இடமாவது தோட்டத்து நிலம். பெரிய கங்காணி காலத்தில் அவரே கோயிலுக்கும் தலைவர், ஆட்கட்டுக்கும் தலைவர். இந்நிலையில் வாணக்காரரை அமர்த்திய முதலாளி யார் என்ற வினாவுக்கு நால்வரும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டலாம். எல்லாருக்கும் பொதுவான விழாவிற் பொறுப்பு எவருக்கும் உரியதாகாது போயிற்று.

இந்திய நாடாளுமன்றம் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தற்காலிக வேலையாளரை விலக்கிய சொற்களை நீக்கியது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டுத் திருத்தம், வேலைக்குச் செல்லும்போதும் வேலையினின்று திரும்பும்போதும் நேரும் விபத்தையும் நட்டஈட்டுக்கு உரியதாக்கியது. சட்டம் விரிவடையக்கூடியது என்பதற்கு இவை சான்று. வாணக்காரரின் இடைவெளியையும் அடைத்தல் இயலாத காரியமன்று.

விரலின் விலை

நட்டஈட்டுச் சட்டங்களின் முதலாம் அட்டவணை, உறுப்பிழப்பை உழைக்கும் ஆற்றலின் இழப்பாக மாற்றி விகிதங் கூறுவது. 1923இல் இயற்றப்பட்டவாறு இந்தியச் சட்டம், முழங்கையிலோ அதற்கு மேலோ வலக்கை போயின் 70 வீதம் என்றும், இடக்கை போயின் 60 வீதம் என்றும் வகுத்தது. செவிப்புலன் முழுதும் போயின் 50, ஒரு கண் போயின் 30, பெருவிரல் போயின் 25, சுட்டுவிரலுக்கு 10, ஏனைய விரலொன்றுக்கு 5. வாண விபத்துக்களிற் சிதைபவை பெரும்பாலும் கை, கண், செவி ஆகிய இவையே.

இவ்விகிதங்கள் எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவானவை. ஆயின் தோட்டத் தொழிலாளியின் விரலுக்கு அத்தொழிலில் உள்ள இடம் வேறு. கொழுந்து பறித்தல் இரு கைகளின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நிகழ்வது. இறப்பர் மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாது மெல்லிய சீவலாக வெட்டும் கத்தியை ஆள்வதும் அவ்விரல்களே. சுட்டுவிரலை இழந்த பால்வெட்டுத் தொழிலாளி அட்டவணையின்படி பத்தில் ஒரு பங்கை இழந்தவர். மலையிலோ தம் தொழிலின் திறனையே இழந்தவர். தோட்ட வேலையை நம்பி லயத்து அறையையும் பெற்றிருந்த குடும்பத்துக்கு அவ்விழப்பு கூலியோடு நில்லாது குடியிருப்பையும் தொட்டது.

சட்டத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மது மயக்கத்தாலோ, பாதுகாப்புக்கென இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியதாலோ நேர்ந்த காயம் மரணத்தில் முடியாதவிடத்து முதலாளி பொறுப்பினின்றும் விடுபடுகின்றார். விழா இரவுகளில் மதுவும் வாணமும் அருகருகே நடமாடுவதை அறிந்தோர்க்கு இதன் விளைவைக் கூறவேண்டியதில்லை. வாணக்காரரைச் சட்டத்துள் கொணர்ந்தாலும், ஒழுங்கையும் உடன் கொணராவிடின் பயன் குறைவே.

விபத்து நிகழும் முறை

வாண விபத்தை விதியென்றும் தெய்வக் குற்றமென்றும் கூறும் வழக்கம் உண்டு. அதன் காரணங்களோ அறியப்பட்டவை. கரிமருந்து என்பது வெடியுப்பாகிய பொட்டாசியம் நைத்திரேற்று ஏறத்தாழ 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்த கலவை. இது தீயினாற் பற்றுவது. நைத்திரேற்றுக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரேற்றைக் கந்தகத்தோடு சேர்த்தால், உராய்வினாலும் அடியினாலுமே வெடிக்கும் கொடிய கலவையாகும். பிரித்தானியா இக்கலவையை 1894இலேயே தடைசெய்தது. இந்தியா 1992இலேதான் தடைசெய்தது. இடைப்பட்ட ஏறத்தாழ நூறாண்டுகளில் அறியப்பட்ட ஆபத்தொன்று அறியப்பட்டபடியே தொடர்ந்தது.

சப்பிரகமுவத்தின் காலநிலை மேலுமோர் ஆபத்தைச் சேர்க்கின்றது. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. ஈரம் ஏறிய மருந்தும் திரியும் உடனே பற்றாமல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அணைந்துவிட்டது என்று எண்ணி அருகிற் சென்று குனிந்து பார்க்கும் கணத்திலே வெடிக்கும். முகமும் கண்ணும் சிதைவது இவ்வாறே. நனைந்த வெடியை அடுப்பருகில் உலர்த்த முனைவதும், வெடியாத வாணத்தைப் பிரித்து மருந்தை மீண்டும் இடிப்பதும் இவற்றினும் கொடியவை. அலுமினியத் தூள் சேர்ந்த கலவை ஈரத்தோடு தானே சூடேறவும் கூடும்.

அடுத்தது இடம். பெருவாணங்களைக் குழாயிலிட்டு மேலே செலுத்தும்போது, குழாயின் விட்டம் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 70 அடி தூரத்திற் பார்வையாளர் நிற்கவேண்டும் என்பது இன்று பிறநாடுகளிற் பின்பற்றப்படும் ஒரு விதி. மூன்று அங்குல வாணத்துக்கு நாற்புறமும் 210 அடி வெளி வேண்டும். மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த சிறு முன்றில், அதனருகே 10 அடிக்கு 12 அடி அறைகள் தொடர்ந்த லயம், அதன் தகரக் கூரை, கீழே இறப்பர்ச் சருகு என்றமையும் தோட்டக் கோயிற் சூழலில் இவ்வளவு வெளியை எங்கே காண்பது? பெருநகரத் திருவிழாவின் வாணத்தைத் தோட்டத்து முன்றிலில் விட முனைதலே பிழையின் தொடக்கமாகும்.

சிவகாசியும் பரவூரும்

இப்பிரச்சினை தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. இராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட பூமி ஒரு சாராரைக் கடல் கடந்து தோட்டங்களுக்கு அனுப்பியது. அங்கேயே தங்கியோருள் ஒரு சாராரைத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களுக்கு அனுப்பியது. அக்காலத்தில் அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் 1920களில் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்று மீண்டனர். 1940இல் இந்திய வெடிபொருள் விதிகள் வந்தபின் பட்டாசுத் தொழில் உரிமம் பெற்ற ஆலைத் தொழிலாக வளர்ந்தது. அது பல்லாயிரவர்க்கு வாழ்வளித்தது. சிறுவர் உழைப்பாலும் தொடர்ந்த விபத்துக்களாலும் பழியும் பெற்றது. 2012 செப்டெம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களுள் உதவிக்கும் பார்வைக்கும் ஓடிச்சென்றோர் பலர். முதல் வெடிப்போடு ஆபத்து முடிந்துவிட்டது என்று எண்ணியமையே அவர்களுக்கு எமனாயிற்று.

கேரளத்துப் பரவூர்ப் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்பிரல் 10ஆம் நாள் வாணக் கிடங்கு தீப்பற்றி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மாவட்ட நிருவாகம் அனுமதி மறுத்திருந்தும் போட்டி வாணம் நடைபெற்றது. பக்தியின் பெயராற் சட்டத்தை மீறினால், அதன் விலையைக் கொடுப்பவர் மீறியவர் மட்டுமல்லர் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. இலங்கையில் நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ள கிம்புலாபிட்டிய கிராமம் பட்டாசுத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கு வீட்டோடு ஒட்டிய சிறு பட்டறைகளிலே வேலை நடப்பதால், வேலையாள் யார், குடும்பத்தவர் யார் என்று பிரித்தறிதல் எளிதன்று. வேட்டுப் போடும் தொழிலாளி பக்தராக எண்ணப்படுவது போலவே, அங்கு மருந்து இடிக்கும் பெண் இல்லத்தரசியாக எண்ணப்படுகின்றாள்.

அண்மைக் காலத்திற் காட்டுப்பன்றிக்கென உணவினுள் மறைத்து வைக்கப்படும் 'ஹக்க பட்டாஸ்' என்னும் வெடி நாட்டிலே யானைகள் இறப்பதற்கு ஒரு முக்கிய காரணமாகியுள்ளது. அது சட்டவிரோதமானது. செய்பவர் கைக்கும், அறியாது எடுப்பவர் கைக்கும் அது ஒருங்கே கேடு. விலங்குக்கு நேரும் கேட்டைப் பற்றி எழுந்த கவலை, அதனைச் செய்யுமாறு தூண்டப்படும் ஏழையின் கையைப் பற்றியும் எழுதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகும். வெடிமருந்துச் சட்டம் மருந்தைக் கண்காணித்தது. தொழிற் சட்டம் இலாபத்துக்காக உழைத்தவரைக் காத்தது. இலாபமின்றி, ஊரின் மகிழ்ச்சிக்காக அதே மருந்தைத் தொட்டவர் இரண்டுக்கும் வெளியே நின்றார். அவர் பெயர் உத்தரவுப் பத்திரத்திலும் இல்லை, நட்டஈட்டு ஆணையாளரின் ஏட்டிலும் இல்லை. பதிவு இன்மையால் அவர் காயம் வரலாற்றிலும் இடம்பெறாது போயிற்று.

இதனைத் திருத்தும் கடமை முதலில் விழா நடத்துவோருக்கு உரியது. வாணத்துக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி வாணக்காரரின் காப்புறுதிக்குச் செல்லுதல் வேண்டும். அமர்த்துபவர் யார் என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும். மாவட்டச் செயலகத்தின் உத்தரவு, மணலில் ஆழப் புதைத்த குழாய், நீண்ட கொளுத்துகோல், கண்ணாடி, பருத்தி உடை, மதுவிலக்கு, வெடியாத வாணத்தை அரைமணி நேரமேனும் அணுகாது பின்னர் நீரில் ஊறவைத்தல் ஆகியன பெருஞ்செலவு வேண்டாத ஒழுங்குகள். முன்றில் சிறிதாயின் வாணமும் சிறிதாதல் வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலிப் பேச்சுவார்த்தையோடு இதனையும் எடுத்தல் தகும். 'தொழிலின் பொருட்டு' என்னும் சொற்களின் பொருளை விரிக்குமாறு சட்டமன்றத்தை வற்புறுத்துவதும் அவற்றின் பணியே.

இரண்டாவது கடமை பல்கலைக்கழகத்தாராகிய நம்முடையது. தோட்ட மருந்துச்சாலைப் பதிவேடுகளும், கரவனல்லை, இரத்தினபுரி வைத்தியசாலைகளின் பழைய ஏடுகளும், லயங்களில் வாழும் முதியோரின் நினைவுகளும் இன்னும் முறையாகத் தேடப்படவில்லை. காமன் கூத்துப் பாடலைப் பதிவுசெய்யச் செல்லும் மாணவர், அவ்விழாவில் வேட்டுப் போட்டவரின் பெயரையும் கேட்டு எழுதிவருவாராயின், நமது மலையக வரலாற்றில் ஓர் அத்தியாயம் கூடும். ஏட்டில் ஏறிய காயத்துக்கே சட்டத்தில் வழி பிறக்கும்.